மூசியேவுக்கு நான் வைத்த பத்தியம்

மாலையில் நான் வேலை முடிந்து வரும் கடலூர் பஸ், ஏரிக்கரையில் திரும்பும்போது ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டதும் என் நாய் வாசல் படலுக்கு வந்து நிற்பான். அன்று நான் படலைத் திறந்து, செருப்பை உதறி, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் படுத்தே கிடந்தான்.

பெயர் மூசியே, பிரெஞ்சில் 'ஐயா'. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய பிறகும் எங்கள் பாகூரில் தங்கிவிட்டவன்.

அதற்குப் பத்து நாள் முன்பு கரும்புக் கட்டை குத்திப் பின்னங்கால் சீழ் பிடித்திருந்தது. பென்சிலினுக்குக் கேட்கவில்லை. கால்நடை டாக்டர் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க்காரர்களுக்குப் போடும் ஊசி மருந்து) எழுதினார்.

"தல சாஞ்சாலோ, தள்ளாடுனாலோ ஒடனே இட்டுகினு வாங்க" என்றார்.

கம்பவுண்டர் தினமும் வீட்டுக்கு வந்தார். மூசியேவின் பல்லுக்குப் பயந்து, குத்திய கையோடு சைக்கிள் ஏறிவிடுவார். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது.

நான் நாலு புத்தகம் படித்தவன். ஊசி போட்ட உடம்புக்குப் பத்தியம் வேண்டாமா? தண்ணீர் குடித்தால் புண் நீர் கோத்துக்கொள்ளும் என்று முதல் நாளே அவன் தண்ணீர்ச் சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். வேளைக்கு ஒரு மடக்கு, வறட்டு ரொட்டி. அவ்வளவுதான்.

"நாய்க்கு இன்னாத்துக்குங்க பத்தியம்? நாக்கு தொங்குது பாருங்க" என்றாள் மனைவி.

"உனக்கு வைத்தியம் தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியும்னு அதுக்குத் தெரியலியே."

ஆறாம் நாள் மூசியே தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தான். நான் பேசுவதை ஊன்றிக் கேட்கிறான் என்று பூரித்துப்போனேன். அந்த வீட்டில் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் சொன்னது எங்கே நினைவுக்கு வரும்?

மறுநாள் மாலைதான் அவனுக்கு ஹாரன் கேட்கவில்லை; எழுப்பினால் தள்ளாடினான், தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி நல்லா குடிக்கிறானா?"

"வேளைக்கு ஒரு மடக்குதாங்க. பத்தியம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த மவராசன் சொன்னது?"

பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"இந்த மருந்து மூத்திரத்துலதாங்க வெளிய போவணும். தண்ணி இல்லாட்டி உள்ளயே தங்கி கிட்னியையும் (சிறுநீரகம்) காதையும் கெடுத்துடும். நாய்க்குப் பத்தியம் வெப்பீங்கன்னு நான் இன்னா கனவா கண்டேன்?"

ஊசி நின்றது. சட்டி பரணிலிருந்து இறங்கியது. சிறுநீரகம் பிழைத்தது, தள்ளாட்டமும் மெல்லக் குறைந்தது. காது மட்டும் திரும்பவில்லை. வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்கள் நாய்க்கும் இந்த ஊசி போட்டால் தண்ணீரை ஒளிக்காதீர்கள். தலையைச் சாய்த்தால் பெருமைப்படாமல் ஓடுங்கள்.

இப்போது நான் தரை அதிர நடக்கிறேன். நான் வருவது தெரியாமல் தூங்குகிறவன் திடுக்கிடக் கூடாது. என் முழங்கால் வலிக்கிறது, வலிக்கட்டும். மூசியேவுக்குப் பஸ் வரும் நேரம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. மத்தியானச் சோறு தின்றதுமே படலுக்குப் போய் உட்கார்ந்து, நான் கண்ணில் படும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.