இறங்காத அடி

போடியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில்தான் எங்கள் கராத்தே வகுப்பு நடந்தது. முகூர்த்தம் இல்லாத சாயங்காலங்களில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். மகளைக் கொண்டுவந்து விடும் நானும், மகனைக் கொண்டுவந்து விடும் பக்கத்துத் தெருத் தையல் கடைக்காரியும் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஒருநாள் மாஸ்டர், "சும்மா உக்காந்து என்னக்கா செய்யப் போறீக, எந்திரிச்சு வாங்க" என்றார். சிரித்துக்கொண்டே எழுந்து போனோம். பிறகு எங்கள் பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றார்கள், நாங்கள் நிற்கவில்லை.

கராத்தே பிறந்த ஒக்கினாவா தீவின் ஆயுதங்கள்தான் எங்களைப் பிடித்து வைத்தன. ஆளைவிட உயரமான கம்புக்கு போ என்று பெயர். அது தையல்காரிக்குப் பிடித்தது. எனக்கு டோன்ஃபா. முன்கை நீளத்துக்கு ஒரு கட்டை, அதன் ஒரு முனையருகே குறுக்காக ஒரு கைப்பிடி. பிடியைப் பற்றினால் கட்டை முன்கைக்கு அடியில் வந்து படிந்துகொள்ளும். தலைக்கு அடி வந்தால் முன்கையை உயர்த்தி, கட்டையில் வாங்கி, பக்கவாட்டில் சரித்துவிட வேண்டும். "பிடி இறுக்கமா இல்லன்னா கட்டை சுத்திக்கிரும்க்கா, அப்புறம் அடி கையிலதான்" என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

தேனியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை. கவுண்டருக்கு வருகிறவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்கள். பதில் எனக்குத் தெரியும் என்றாலும் சார் வந்து சொன்னால்தான் நம்புவார்கள். அப்படி ஒரு பகல் முடிந்து மண்டபத்துக்கு வந்து நிற்கும்போது, எனக்கு ஜோடியான தையல்காரி முழு வீச்சில் கம்பைத் தூக்குகிறாள், அது என் தலைக்கு மேல் டக்கென்று நிற்கிறது, நிறுத்தியது நான் என்று நினைப்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் கையில் அடிபட்டு நீலமான ஒரு கன்னிப்புகூட விழுந்ததில்லை. கை நன்றாகப் பழகிவிட்டது என்று நம்பினேன்.

ஏலக்காய்க் கடையை அடைத்துவிட்டு என்னை அழைத்துப்போக வரும் கணவர் வாசலில் நின்று கைதட்டுவார். ஒரு வளைகாப்பு வீட்டில் சொந்தக்காரர்களிடம், "எங்க வீட்ல யாரும் வாலாட்ட முடியாது. கம்போட வந்தாலும் கட்டையில வாங்கித் தூக்கி எறிஞ்சிருவா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

பெல்ட் தேர்வு உத்தமபாளையத்தில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கணவர் அன்று வியாபாரமாக மலைக்குப் போயிருந்ததால் நானும் தையல்காரியும் பஸ்ஸில் போனோம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஜோடிகளைக் கலைத்துப் போட்டார். எனக்கு எதிரே வந்தது அனுமந்தன்பட்டியிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண். குனிந்து வணங்கினாள், கம்பை ஓங்கினாள், அடித்தாள்.

எப்போதும் தூக்குவதுபோலத்தான் கையைத் தூக்கினேன். கட்டை என் பிடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு வெளியே போனது. கம்பு முழங்கையில் விழுந்து, தோள்பட்டை எலும்பில் இறங்கியது. கண் இருட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து, "ஐயோ, தடுப்பீகன்னு நெனச்சேன்க்கா" என்று அழுதாள்.

ஐஸ் வைத்துக் கட்டியபின் தேர்வாளர், "தினமும் யாரோட பழகுறீங்க?" என்று கேட்டார். தையல்காரியைக் காட்டினேன். அவளைக் கூப்பிட்டு, என்னை அடிப்பதுபோலவே அடிக்கச் சொல்லித் தன் வெறும் உள்ளங்கையை நீட்டினார். அவள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தலை குனிந்துகொண்டார். கம்பு வீச்சோடு கிளம்பி, கடைசியில் தானாகவே நின்று, அவர் கையைத் தொட்டது.

"அடி எறங்கவே இல்லையேம்மா" என்றார் அவர். "நீங்களே நிறுத்திட்டா அவங்க எதைத் தடுக்கிறது?"

திரும்பி வரும் பஸ்ஸில் தையல்காரி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னமனூர் தாண்டியதும் நான் கேட்டேன்.

"எப்பயிருந்து?"

"ஆரம்பத்துலருந்தேக்கா." கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்க வீட்டு அண்ணன்தான் என் கடைக்கு வந்து சொன்னாக. ஓங்குறத நல்லா ஓங்கு, எறக்காத, அவளுக்கு அடிபட்டா என்னால பாக்க முடியாதுன்னாக. மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டாக. நானும் நல்லதுக்குத்தானன்னு…"

"ஒருநாளாச்சும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க அம்புட்டு சந்தோசமா இருந்தீகக்கா."

அந்தப் பதில்தான் என்னை அதிகமாகச் சுட்டது. என் சந்தோஷத்தை இவர்கள் மூன்று பேரும் வெளியே நின்று, ஒரு குழந்தையின் விளையாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் தோளில் போட்டிருந்த கட்டுத்துணியைப் பார்த்துப் பதறினார். "இதுக்குத்தான் நான் பயந்தது" என்றார்.

"இதுக்குத்தான் நான் பழகுனது" என்றேன். "அப்ப வாசல்ல நின்னு எதுக்குக் கைதட்டுனீக?"

"நீ செய்யறது பாக்க நல்லா இருந்துச்சு."

"நான் ஒண்ணுமே செய்யலையே. அவதான் நிறுத்தியிருக்கா."

"உன் மேல உள்ள அக்கறையிலதான சொன்னேன். அது தப்பா?" என்று கோபப்பட்டார். அக்கறை இல்லை என்று நான் சொல்லவில்லை. வளைகாப்பு வீட்டில் எல்லாரும் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் சிரித்தது மட்டும் உண்மை தெரிந்த வேறு சிரிப்பு. அதைச் சொன்னேன். அவர் டிவியைப் போட்டார்.

எலும்பு முறியவில்லை, விரிசல்தான். சரியானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கல்லூரிப் பெண் பழகும் உத்தமபாளையம் வகுப்புக்குப் பஸ் ஏறினேன். அவளிடம், "பாவம் பாக்காம அடி" என்று கேட்டுக்கொண்டேன். முதல் மாதங்களில் முன்கை முழுக்க நீலம் பாரித்தது. அலுவலகத்துக்கு முழுக்கைச் சட்டை போட்டுப் போனேன். கட்டை சுற்றாமல் பிடிக்கச் சுண்டுவிரலை எப்படி மடக்குவது என்பது அடி விழுந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கணவர் கன்னிப்பைப் பார்ப்பார். நான் அதைக் காட்டுவதுமில்லை, மறைப்பதுமில்லை.

போன வாரம் தையல்காரி வீட்டுக்கே வந்தாள், கையில் கம்போடு. "இப்ப நெசமா அடிக்கிறேன்க்கா, வாங்க" என்றாள். மாடிக்குப் போனோம். அடித்தாள். கட்டையில் வாங்கினேன், கை அதிர்ந்தது, சரித்தேன். மறுபடியும் அடித்தாள். உண்மையான அடிதான், சந்தேகமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அவள் ஓங்கும்போதும் நான் கம்பைப் பார்க்கவில்லை. எங்கே நிறுத்தப்போகிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டு தடுப்புப் பழக முடியாது. "போதும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.