உப்பு லாரிக்காரனின் சிவப்பு கார்

என் தங்கை கிளெனிஸின் கணவன் டெஸ்மண்ட் அவுட்ரம், இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சாலைகளில் பனி உறைந்து வழுக்காமலிருக்க உப்பு தூவும் லாரி ஓட்டுபவன். இருபத்தாறு வருஷ வேலை. சாலை உறையும் என்று தகவல் வந்தால் போதும், சாயங்காலமே கிளம்பி டன் கணக்கில் உப்பைக் கொட்டிவிட்டு வருவான். அதே ஆள் வீட்டுக் கொட்டகையில் 1968ஆம் வருஷத்துச் சிவப்பு ட்ரையம்ப் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறான். பழைய காரின் அடித்தகட்டைத் துருவாக்கித் தின்ன உப்பைப்போல் ஓர் எமன் கிடையாது. நானும் அவனும் வேலை பார்க்கும் லாரி டிப்போவில் இதைச் சொல்லிச் சிரிக்காத வாய் இல்லை. தொடங்கி வைத்தவன் நான்தான்.

அக்டோபர் கடைசியில், குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் பூட்டிவைப்பதற்காகக் காரைக் கழுவித் துடைத்து, டாங்க் நிறையப் பெட்ரோல் ஊற்றுவான். காலி டாங்கில் ஈரம் கோத்துத் துருப்பிடிக்குமாம். டயரில் காற்றைக் கூட்டி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான். பேட்டரி சமையலறைக்கு வந்துவிடும். எலி புகாமலிருக்கப் புகைக்குழாயில் பழைய காலுறை. மேலே பருத்திப் போர்வை. பிளாஸ்டிக் என்றால் காருக்கு வேர்க்கும் என்பான். டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாதென்று பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை அடி தள்ளி வேறு வைப்பான்.

"அண்ணே, எனக்கு ஜுரம் வந்தப்ப இந்த மனுஷன் ஒரு போர்வை எடுத்துப் போடல," என்பாள் கிளெனிஸ்.

ஏப்ரல் மழை சாலையை இரண்டு தடவை அலம்பிய பிறகுதான் கார் வெளியே வரும். வாங்கி இருபத்திரண்டு வருஷமாக அதன்மேல் ஒரு கல் உப்பு பட்டதில்லை.

சோதனை மகள் உருவில் வந்தது. ரொவீனாவுக்கு ஆறு வயதாக இருந்தபோது, அவளை இந்தக் காரில்தான் கல்யாணத்துக்குக் கூட்டிப்போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். அவளோ ஆடு வளர்ப்பவன் ஒருவனைக் காதலித்தாள். வசந்தத்தில் ஆடுகள் குட்டி போடும். கோடையில் ரோமம் கத்தரிக்க வேண்டும். ஆட்டுக்காரனுக்கு ஜனவரியில்தான் மூச்சுவிட நேரம்.

"ஜனவரியாம் மச்சான்," என்று டீக் கோப்பையோடு வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. "கோழி வளக்குறவனா பாத்திருக்கக் கூடாதா இவ?"

"சர்ச் வரைக்கும் கம்பளம் விரிச்சு ஓட்டு மாப்ள," என்றேன்.

அவன் வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவே இருப்பது அரை மைல் மேடு. அந்தத் தெரு எங்கள் லாரிப் பட்டியலில் இல்லை. அடிவாரத்தில் மஞ்சள் நிற உப்புப் பெட்டி ஒன்று உண்டு. வேண்டியவர்கள் அள்ளித் தூவிக்கொள்ளலாம். கல்யாண வாரம் மழை அந்த மேட்டைச் சுத்தமாக அலம்பியிருந்தது. டெஸ்மண்ட் சீட்டியடிக்கத் தொடங்கினான். வெள்ளிக்கிழமை மதியம் தகவல் வந்தது: விடிவதற்குள் மைனஸ் நாலு டிகிரி.

"விட்டுடு மாப்ள. நீ பொண்ணக் கூட்டிட்டுப் போறது பன்னெண்டு மணிக்கு. அதுக்குள்ள வெயில் பட்டு உருகிடும்," என்றேன்.

"விருந்தாளிங்க பத்தரைக்கே ஏறணுமே. சம்பந்தி ஐவர் இருக்காரே, அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆயி ஆறு வாரம்தான் ஆவுது."

நாலு மணிக்கு மண்வெட்டியோடு போய்ப் பெட்டியைத் திறந்தான். அவனைத் திட்டிக்கொண்டே நானும் அள்ளினேன். ஒவ்வொரு வீச்சும் அவன் நெஞ்சில் விழுந்திருக்கும். மேடு முழுக்கத் தூவிவிட்டுத்தான் டிப்போவுக்கு வந்தோம்.

"டாக்ஸி சொல்லிடுறேம்பா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல," என்றாளாம் ரொவீனா.

"சொல்லித்தான் பாரேன்," என்றானாம் இவன்.

மறுநாள் சம்பந்தி ஐவர் கைத்தடியோடு வழுக்காமல் மேலே வந்து சேர்ந்தார். பன்னிரண்டுக்கு ட்ரையம்பின் சத்தம் கேட்டது. டெஸ்மண்ட் கூரையை மடக்கிவிட்டு, மணப்பெண்ணைக் கம்பளியால் சுற்றி உட்காரவைத்து, உப்பை நறநறவென்று அரைத்துக்கொண்டு ஏறி வந்தான். இருபத்திரண்டு வருஷம் சிரித்த நானே ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டேன்.

விருந்தில் வழக்கப்படி பெண்ணின் அப்பா பேச வேண்டிய நேரத்துக்கு ஆளைக் காணோம்.

"போயி இழுத்துட்டு வாங்கண்ணே," என்றாள் கிளெனிஸ்.

மண்டபத்துக்குப் பின்னால் காருக்கு அடியிலிருந்து கல்யாணக் கால்சட்டை நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரொவீனா, கவுனைத் தூக்கிச் செருகி, புருஷனுடைய ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, எல்லாரும் காத்திட்டிருக்காங்க."

"பின்சக்கரம் ரெண்டும் பாக்கி மச்சான். வேணும்னா இங்க வரச் சொல்லு."

போய்ச் சொன்னேன். முதலில் ஐவர்தான் எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் கோப்பையும் கையுமாக வந்து காரைச் சுற்றி நின்றார்கள். கீழேயிருந்து பேச்சு வந்தது.

"பேச எனக்கு அதிகம் இல்ல. இவளுக்காகத்தான் இந்தக் கார இத்தன வருஷம் உப்புப் படாம வெச்சிருந்தேன். இன்னிக்குப் பட்டுடுச்சு. பரவால்ல." கால்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன. பிறகு, "ரொவீனா, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் அடிம்மா."