ஈப்போ ரயிலடியில் ஊமைக் கித்தார்

பக்கத்து பெஞ்சில் ஒருவர் கித்தாரில் சுர வரிசை ஓட்டுகிறார். விரல்கள் பறக்கின்றன, நாதம்தான் இல்லை. டொக், டொக், டொக் என்று மட்டும் கேட்கிறது. எட்டிப் பார்க்கிறேன். தந்திகளுக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு செருகியிருக்கிறது.

என் மடியிலும் கித்தார்ப் பெட்டி. பினாங்கில் வேகக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். சும்மா இருக்க முடியுமா?

"வாத்தியம் கெட்டுப்போச்சா அண்ணே?"

"நல்லா இருக்கு லா. எங்க தோட்டத்து லயத்து வீடெல்லாம் வரிசையா ஒட்டினாப்ல, நடுவுல வெறும் பலகைச் சுவரு, பக்கத்து வீட்டுல தூங்க வேணாமா? அதுக்குத்தான் வச்சேன். வச்சப்புறம்தான் தெரிஞ்சது, நாதம் நம்ம தப்பை மூடிடும். இப்ப எந்த விரலு பிந்துதுன்னு காதுக்குத் தெரியும்."

ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் கறை படிந்த விரல்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடுகின்றன. நான்கு சுரம் வேகமாக, பிறகு நிறுத்தம். அடுத்து ஐந்து.

"துண்டை எடுத்துட்டு ஒரு தடவை வாசிங்களேன்."

உருவிவிட்டு வாசிக்கிறார். தகரத் தட்டில் பட்டாணி கொட்டுவதுபோல் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது. மூட்டை சுமந்து போகும் ஒரு சீனர்கூட நின்றுவிடுகிறார்.

"கேட்டீங்களா? மூணாவது தந்திக்குத் தாண்டுறப்ப நடுவிரலு பிந்துது."

எனக்கு எந்தப் பிந்தலும் கேட்கவில்லை. அவர் ரப்பரை மறுபடி செருகுகிறார். நான் என் பெட்டியை மெல்ல இறக்கி, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.