சோளத்தில் இரண்டு கோடுகள்

கல்வராயன் மலைக்குப் போகும் பேருந்து வர நேரமிருப்பதால், கள்ளக்குறிச்சியின் ஓரத்தில் அமைத்திருக்கும் புதிய பூங்காவுக்குள் மகளுடன் நுழைகிறேன். பழைய புங்கமரங்களை வெட்டாமல், அவற்றின் நிழலிலேயே நடைபாதையை வளைத்திருக்கிறார்கள். பூக்கள் சத்தமின்றி உதிர்கின்றன. நடுவே வெயில் விழும் களத்தில் மக்காச்சோளம் காய்கிறது.

மகளின் தோளைப் பிடித்து நிறுத்துகிறேன். மூன்று மாதத்துக்கு முன் சாலையில் காயவைத்திருந்த சோளத்தில்தான் மகளின் ஸ்கூட்டர் சறுக்கியது. இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள்.

காலால் சோளத்தைக் கிளறிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், "பூங்காவுல எதுக்கும்மா சோளம்?" என்கிறேன்.

"ரோட்டுல கொட்டினா வண்டி சறுக்குதுங்க. அதான் பார்க்கு கட்டச்சொல்லோ களத்துக்கும் எடம் கேட்டு வாங்கினோம். நெழலு உங்களுக்கு, வெயிலு எங்களுக்கு." மகளைப் பார்க்கிறாள். "இன்னா பாப்பா, சும்மா நின்னுக்கினு இருக்க? வந்து கால்ல தள்ளு, சீக்கிரம் காயும்."

"வேணாம்மா, அவளுக்குக் காலு..."

அதற்குள் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஊன்றுகோலை என் கையில் தருகிறாள். தூக்கத்தில் நடப்பவள்போல் மெல்ல, களத்தின் மறுகோடி வரை போகிறாள். பின்னால் சோளத்தில் இரண்டு கோடுகள். ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல்.

வெளியே ஹாரன் ஒலிக்கிறது.

"அடுத்த பஸ்ல போலாம்ப்பா" என்கிறாள்.