ஆறு மீட்டர் நீலத்துணி

பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைக்கு அமெரிக்காவில் கவுன் மாட்டி, தலையில் சதுரத் தொப்பி வைத்து, பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்குவார்கள் என்பது ஒரு சிடியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் முடிவது கிளார்க் ஜன்னலில். கம்பிக்குள்ளிருந்து ஒரு தாள் வரும். மாற்றுச் சான்றிதழ் என்று அச்சடித்திருந்தாலும் எல்லாருக்கும் அது டிசிதான். அதற்கு முன்னால் ஒரு பிரிவு உபசார விழா, கொஞ்சம் மிக்சர், ஒரு துண்டு கேக், ஒரு குரூப் போட்டோ. எனக்கு மிக்சரும் இல்லை, போட்டோவும் இல்லை. டிசி மட்டும் எல்லாருக்கும் முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தவரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனசு இளகிவிடுவாள் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இடைசெவல் பக்கமிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். தலைமை ஆசிரியையே எங்களுக்குக் கணக்கும் எடுத்தார். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் ஒருத்திகூடத் தவறக்கூடாது, நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்று அவருக்கு வெறி பிடித்திருந்தது. அரையாண்டுப் பரீட்சையில் நாங்கள் ஏழு பேர் கணக்கில் தவறினோம். லீவு முடிந்து பள்ளி திறந்த வாரமே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.

அப்பா உளுந்து பறிப்பை விட்டுவிட்டு வந்து, துண்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு அந்த அறையில் நின்றார். தலைமை ஆசிரியை அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கணக்கு ஒன் மண்டையில ஏறாது. டிசி தாரேன், வாங்கிட்டுப் போய் பிரைவேட்டா எழுதிக்கோ. என் ரிசல்ட்டக் கெடுத்துராத."

சொல்லிவிட்டு எழுந்துவந்து, என் தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பிவிட்டார். அடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. ஸ்டூலை நகர்த்தி வைக்கிறது போலத்தான் செய்தார். வெளியே கிளார்க் சொல்லச் சொல்ல அப்பா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிசியில் நடத்தை 'நன்று'. அங்க அடையாளம், வலது மணிக்கட்டில் ஒரு மச்சம். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் தலைமை ஆசிரியை தன் கையாலேயே எழுதியிருந்தார்: பெற்றோர் விருப்பம்.

பஸ்ஸை விட்டு ஊரில் இறங்கியதும் அப்பா, "அவிய எழுதச் சொன்னாவ, எழுதுனேன்" என்று மட்டும் சொன்னார். என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேறு விருப்பமே இருந்ததில்லை. அதனால் மற்ற எதையும்விட 'பெற்றோர் விருப்பம்' என்ற அந்த இரண்டு வார்த்தைதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

குரூப் போட்டோ அன்றைக்குக் கலர் டிரஸ் போடலாம். அதற்காகத் தீபாவளிக்கே ஒரு அரக்குத் தாவணி எடுத்து வைத்திருந்தேன். வெட்கங்கெட்டு அதைக் கட்டிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே வேப்பமரத்தடியில் பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு எல்லாரும் ஏறி நின்றார்கள். முன்வரிசை நாற்காலிகளின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். கேட்டில் நின்ற ஆயா என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, டிசி வாங்குனவளுக்கு இங்கன என்ன சோலி? போ" என்றாள். அந்தத் தாவணியை அப்புறம் நான் கட்டவே இல்லை.

அக்டோபரில் தனியாக எழுதிப் பாஸானேன். கணக்கில் அறுபத்தொன்று. அந்த மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பதாக எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். போகவில்லை. மேலே படிக்க வசதியும் இல்லை. புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கச் சேர்ந்தேன். ஆறு வருஷத்தில் கட்டிங் வரைக்கும் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கே வந்து, எட்டு மிஷின் போட்டு ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிற ஒரு யூனிட் தொடங்கினேன்.

டிசி வாங்கிப் பதிமூன்று வருஷம் கழித்து, புதிதாக வந்திருந்த ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் தாளாளர் அந்த சிடியோடு என் யூனிட்டுக்கு வந்தார். அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார்.

"எம் பேத்தி பட்டம் வாங்குதா பாத்துக்கம்மா, யூகேஜி முடிச்சதுக்கு! நம்ம பிள்ளைகளுக்கும் இதே மாதிரி செஞ்சிரணும். துணி மதுரையில நானே எடுத்துட்டேன். எச்செம் அம்மாவ வந்து பாரு, அளவு, லிஸ்ட்டு எல்லாம் அவிய தருவாவ" என்றார்.

சிடியை வீட்டில் போட்டுப் பார்த்தேன். கைவெட்டு எப்படி, கழுத்துக்குப் பின்னால் எத்தனை மடிப்பு என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதல் ரேங்க் யார், கடைசி யார் என்று ஒரு பேச்சும் இல்லை. காலில் இரும்புக் கம்பி கட்டிய ஒரு பையன் மேடையைக் கடக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் அத்தனை பேரும் கை தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த இடத்தை நான் நான்கு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மலேசியாவிலிருக்கும் என் நாத்தனார் மகளும் பாலர் பள்ளி முடித்தபோது கவுன் போட்டுத்தான் போட்டோ எடுத்திருந்தாள். அங்கே கையில் ஒரு பூங்கொத்து, முகத்தைவிடப் பெரிது. அந்தப் போட்டோவிலும் முழு வகுப்பும் நின்றது. தெரியாத தேசங்களில் என்னென்ன அநியாயம் நடக்கிறதோ, எனக்குத் தெரிந்த இந்த இரண்டிலும் ஒரு பிள்ளையை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கவில்லை.

அளவெடுக்கப் பள்ளிக்குப் போனேன். எச்செம் என்கிற தலைமை ஆசிரியை அறையில் உட்கார்ந்திருந்தது, எனக்கு டிசி கொடுத்த அவர்தான். எங்கள் பழைய அரசு உதவி பெறும் பள்ளியில் ஓய்வு பெற்றதும் இங்கே சேர்ந்திருக்கிறார். முடி நரைத்திருந்தது, குரல் அப்படியே இருந்தது. அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "டெய்லரா? எனக்கும் ஒண்ணு தைக்கணும். சிடியில பிரின்சிபல் போட்டிருக்காங்கல்ல, அதே மாதிரி நல்லாத் தொளதொளன்னு" என்றார்.

எழுந்து நின்று கையை நீட்டினார். என் தோளைப் பிடித்துத் திருப்பிய கை. தோள், கை நீளம், உயரம் என்று டேப்பை அவர் உடம்பெல்லாம் வைத்து எடுத்தேன். என் மணிக்கட்டு மச்சம் அவர் மூக்குக்கு நேரே போய்ப் போய் வந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்து ஒரு திட்டுத் திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை வலித்திருக்காது.

அவருக்கு ஆறு மீட்டர் தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றரை மீட்டர். லிஸ்ட்டில் முப்பத்தாறு பேர். தாளாளர் எடுத்து வந்த நீலத்துணி மொத்தம் அறுபது மீட்டர், சரியாக இருந்தது.

சின்னக் கவுன்களைத் தைத்து, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய துண்டுச் சீட்டைக் குத்திக்கொண்டிருந்தபோது, என்னிடம் துணி ஓரம் பிரியாமல் ஓவர்லாக் அடிக்கிற பெண் லிஸ்ட்டை இரண்டு மூன்று தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் மகள் அந்த யூகேஜியில்தான் படித்தாள்.

"யக்கா, எம் புள்ள பேரு விட்டுப்போச்சு போல."

சாயங்காலம் பள்ளிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். விட்டுப்போகவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். அதில் நான்கு பேரை எச்செம் அம்மாவே எடுத்துவிட்டார். இவள் மகளுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. இன்னொரு பையன் ஓர் இடத்தில் நிற்க மாட்டான். மற்ற இரண்டும் கூட்டத்தைக் கண்டால் அழும். "விழாவ சிடி எடுத்து ஐயா அமெரிக்காவுக்கு அனுப்பப் போறாங்க, அதுல அசிங்கமாயிரும்" என்றாராம்.

சொல்லிவிட்டு அவள் மறுபடி மிஷினில் உட்கார்ந்தாள். "விடுங்கக்கா. எம் புள்ளைக்குப் பேச்சு வரலல்லா, அவிய சொல்லுததும் நியாயந்தான" என்றாள். அது என் அப்பா குரல். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

தாளாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நல்ல மனுஷர், சரி பண்ணியிருப்பார். அதே நீலத்துணி பஜாரிலும் கிடைத்தது, ஆறு மீட்டர் வாங்கியிருக்கலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. அதில் எனக்கு என்ன சுகம்? அறுபது மீட்டர் துணி, நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒன்றரை. கணக்கு ஏறாத மண்டையில் அது மிச்சமில்லாமல் ஏறியது. எச்செம் அளவுக்கு எடுத்து வைத்திருந்த ஆறு மீட்டரை மேசையில் விரித்து, நான்காகப் போட்டு வெட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக நான் கத்தரிக்கோல் பிடித்ததில்லை.

பிறகு நான்கு வீட்டுக்கும் போனேன். எங்கள் பிள்ளைக்கும் கவுன் போட்டு மேடையேற்ற வேண்டும் என்பது எங்கள் விருப்பம் என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஒரு தகப்பனார் மட்டும், "பிரச்சினை ஒண்ணும் வந்துராதே?" என்று தயங்கினார். வந்தால் எனக்குத்தான் என்று சொன்னதும் போட்டார்.

விழா சாயங்காலம். பந்தலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பட்டுச்சேலையில் வந்து, "என்னோடது எங்க?" என்றார்.

"அயர்ன் ஓடுது டீச்சர். இந்தா வந்துரும்."

சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். வேறு வழியில்லாமல் எச்செம் கவுன் இல்லாமலே மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். பேர் வாசித்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்துப் பார்த்து, என் கையில் நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். முப்பத்தாறு பேர் முடிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தார். நான் அந்த நான்கு பேரையும் படியேற்றி விட்டேன்.

தாளாளர் முன்வரிசையிலிருந்து, "இன்னும் நாலு பேரு நிக்காவளே, பேரச் சொல்லுங்க டீச்சர்" என்று சத்தம் போட்டார். எச்செம் கையிலிருந்த தாளில் அந்தப் பேர்கள் கிடையாது. தாளைப் பார்க்காமலே நான்கையும் வரிசையாகச் சொன்னார், ஒன்றுகூடத் தடுமாறவில்லை. அந்த நான்கும் அவருக்கு மனப்பாடம். ஒரு பையன் ஓடினான், ஒரு பிள்ளை அழுதது, எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். ஓவர்லாக் பெண்ணின் மகள் தொப்பி கண்ணை மறைக்க, விருந்தினரை விட்டுவிட்டு மைக் ஸ்டாண்டுக்குக் கை கொடுத்தாள். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

மேடையை விட்டு இறங்கி அவர் நேரே என்னிடம் வந்தார்.

"என் கவுன் எங்க?"

"அந்தா போகுதுல்லா டீச்சர், நாலு பிள்ளைய மேல."

"யாரக் கேட்டுச் செஞ்ச?"

கையெழுத்துப் போட்ட தாளை அவர் கையில் வைத்தேன். "பெற்றோர் விருப்பம், டீச்சர்."

அவர் தாளைப் படிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். கண், மூக்கு, நெற்றி என்று தேடினார். எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் குரல் இறங்கி, "நீ எந்த வருஷம்?" என்றார்.

அந்த வருஷம் டிசி வாங்கிய எங்கள் ஏழு பேரோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். வருஷம் கேட்கிற அளவுக்குப் பேர் இருந்திருக்கிறார்கள். நான் தொப்பி சரி பண்ணப் பிள்ளைகள் பக்கம் போய்விட்டேன்.

போட்டோக்காரர் எல்லாரையும் கூப்பிட்டார். பெஞ்சு மேல் நாற்பது நீலக் கவுன்கள். முன்னால் நாற்காலிகள், நடுவில் பட்டுச்சேலையில் அவர். நான் போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். போட்டோக்காரர் என்னை நகரச் சொல்லிக் கையை ஆட்டினார். "தச்சுக் குடுத்த பிள்ளதான, நிக்கட்டும்ப்பா" என்றார் தாளாளர். வலது கையைத் தூக்கி எச்செம் நாற்காலியின் சாய்வு மேல், அவர் தோளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

மறுவருஷம் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. போகட்டும். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி எச்செம் அறையில், அவர் நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொல்லிவிட்டார் தாளாளர். ஓவர்லாக் பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். என் மணிக்கட்டு மச்சம்கூட அதில் தெளிவாக விழுந்திருக்கிறதாம். பழைய பள்ளியில் டிசி புத்தகங்களின் அடிக்கட்டைகள் இன்னும் இருக்கும். அவர் வருஷா வருஷமாக எடுத்து, பெற்றோர் விருப்பம் என்று தன் கையாலேயே எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தால், வலது மணிக்கட்டில் மச்சமுள்ளவளைக் கண்டுபிடித்துவிடலாம். தேடட்டும்.