கதவைச் சாத்திப் பார்ப்பவள்

காலிக் கன்டெய்னருக்குள் போய் நின்றுகொண்டு, வெளியே இருப்பவனைக் கதவைச் சாத்தச் சொல்கிறாள் புஷ்பலதா. உள்ளே கும்மிருட்டு, போதாததற்குத் தகரத்தின் வெக்கை. கூரையை அண்ணாந்து பார்க்கிறாள், மூலைகளைக் குனிந்து பார்க்கிறாள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். வெளிச்சம் நுழைகிற வழியில் எறும்பும் நுழையும் என்பது அவள் கணக்கு.

“அக்கா, உள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?” என்று போர்க்லிஃப்ட் ஓட்டும் அர்ச்சுனன் தகரத்தைத் தட்டுவான்.

“இரு லா. கண்ணு இருட்டுக்குப் பழக வேணாமா?”

கோப்பெங் போகும் சாலையில், பழைய ரப்பர்க்காட்டை அழித்துக் கட்டிய பூச்சாடித் தொழிற்சாலை அது. சாடிகள் கப்பலேறி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போகின்றன. மழைக்காலம் வந்துவிட்டால் அங்கிருந்து கெடுபிடி கூடிவிடும். சாடிகளைக் கூடாரம் போட்டு மூடி மருந்துப்புகை அடிக்க வேண்டும், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும் என்பதால் சாயங்காலம் விளக்கு போட்டபின் பெட்டியைத் திறக்கக் கூடாது, மண், இலை, பூச்சி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. போன வருடம் ஒரு சாடியின் அடித்துளையில் ஒரே ஒரு நத்தை இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவர்களும் நினைத்திருக்க வேண்டும், முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது சோதனை பார்த்தவருக்கு வேலை போனது. இன்னொரு முறை நடந்தால் வேறு நாட்டில் வாங்கிக்கொள்கிறோம் என்று பெர்த்காரர் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் சாடிக்கு வர்ணம் பூசும் பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்தச் சோதனை பார்க்கும் வேலைதான் புஷ்பலதாவின் தலையில் விழுந்தது.

அன்று பிடித்த பயம் இன்னும் விட்டபாடில்லை. வீட்டு வாசலில் மகள் ஷாமினியின் காலணியைத் தட்டாமல் உள்ளே விடமாட்டாள். ஒரு கல்யாண மண்டபத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்த சாடியைச் சாய்த்து அடித்துளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் எதையோ தொலைத்துவிட்டாளாக்கும் என்று கூடச் சேர்ந்து தேடினார்கள். “சீப்புட் இருக்கான்னு பார்த்தேன்” என்றாளாம், நத்தைக்கு இங்கே எல்லோரும் சொல்லும் மலாய்ச் சொல்லில்.

இவ்வளவு சாக்கிரதையான மனுஷிக்கு இந்த வருட ஆயுத பூசையன்று ஒரு சோதனை வந்தது. போர்க்லிஃப்டுக்குச் சந்தனம் பூசி மாவிலை கட்டியாயிற்று. முதலாளியான சீனத் தவுக்கேயும் வந்து தன் பங்குக்கு ஊதுபத்தி ஏற்றினார். வர்ணம் பூசும் சரளா, ஈப்போவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை நீட்டினாள். “நல்ல நாளும் அதுவுமா வெறுந்தலையா நிக்கிறீங்களே அக்கா.” வேலையிடத்தில் புஷ்பலதா பூ வைப்பதே இல்லை, கொண்டைக்கு மேல் துணி கட்டிக்கொள்வதுதான் வழக்கம். ஆனாலும் நீட்டிய பூவை எந்த வாயால் வேண்டாம் என்பது? துணியை அவிழ்த்துப் பூவை வைத்துக்கொண்டாள். அந்தத் தலையோடுதான் கன்டெய்னருக்குள்ளும் போனாள்.

சாடிகள் ஏறின. பெட்டிக்கு முத்திரை போட்டார்கள். லோரி கிள்ளான் துறைமுகத்துக்குப் புறப்பட்டது. மதியம் குழாயடியில் முகம் கழுவிவிட்டுக் கொண்டையைத் தொட்டாள். பூ இல்லை.

கழிவறை, கேன்டீன், சாடி அடுக்கும் இடம் எல்லாம் தேடினாள். எங்கும் காணோம்.

“ஒரு மொழம் பூ லா அக்கா. பெர்த் போறதுக்குள்ள சருகாயிரும்” என்றான் அர்ச்சுனன். “நம்ம ரெண்டு பேருக்கும்தான் தெரியும். சும்மா இருங்க.”

“பூச்சி இருக்குமேடா.”

“இல்லாமலும் இருக்குமில்ல.”

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் மனைவியும் அங்கேதான் வர்ணம் பூசுகிறாள். சொன்னால் கப்பல் தவறும், புஷ்பலதாவின் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் பெட்டி பெர்த்தில் இறங்கும்வரை சோறு இறங்காது. ஏற்றுமதி மேலாளர் கதிரவேலுவின் அறைக் கதவில் கையை வைத்து, எடுத்து, மறுபடியும் வைத்தாள்.

அவர் யாழ்ப்பாணப் பரம்பரை, சத்தம் போடத் தெரியாதவர். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உள்ளதான் விழுந்ததெண்டு நிச்சயமா?”

“இல்ல சார். வெளிய விழுந்ததுன்னும் நிச்சயமில்ல.”

“திறந்தா கப்பல் போயிடும். தெரியுந்தானே?”

“தெரியும் சார்.”

அவர் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு லோரிக்காரருக்குப் போன் போட்டார். வழியில் பீடோரில் சாப்பிட இறங்கியிருந்த மனிதர் பாதித் தட்டோடு எழுந்து, திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

மறுநாள் காலை முத்திரையை வெட்டினார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு அடுக்காக இறக்கினான். புஷ்பலதா பக்கத்திலேயே நின்றாள். பாதி இறக்கியும் ஒன்றுமில்லை. வர்ணம் பூசும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். சரளா மட்டும் வரவில்லை. கடைசி அடுக்கு வெளியே வந்தபோது, உள்சுவரில் கயிறு கட்டும் இரும்பு வளையத்தில் மல்லிகைச் சரம் தொங்கியது. ஓரம் பழுத்திருந்தது. அர்ச்சுனன் டார்ச்சை அடித்தான். நாரோடு வரிசையாகச் சிற்றெறும்புகள் போய்க்கொண்டிருந்தன.

கப்பல் போய்விட்டது. சாடிகளுக்கு மறுபடியும் புகை அடித்தார்கள். “இன்னொருக்கா நடந்தா என்னால ஒண்டும் செய்யேலாது” என்று கதிரவேலு சொன்னார். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த கப்பலுக்குப் பெட்டி வந்து நின்றது. அர்ச்சுனன் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான், லோரிக்காரரும் பக்கத்தில் நின்றார். புஷ்பலதா படியில் கால் வைத்தவள், இறங்கினாள். தலைத் துணியை அவிழ்த்தாள். ஆம்பிளைகள் நிற்கிறார்கள் என்றுகூடப் பாராமல் கொண்டையைப் பிரித்து, இடுப்பு வரைக்கும் இறங்கிய கூந்தலை முன்னால் போட்டுக் குனிந்து, இரண்டு கையாலும் உதறினாள். பிறகு உட்கார்ந்து, கீழே என்ன விழுந்தது என்று தரையைப் பார்த்தாள்.