நிறமில்லாத தண்ணி

என் கழுத்தைப் பற்றி ஒரு மருத்துவக் கல்லூரியில் வருஷா வருஷம் பாடம் நடக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. போன மாதம் பையனுக்குக் காய்ச்சல் என்று திண்டிவனத்தில் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் போயிருந்தேன். எந்த ஊர் என்று கேட்டார். மயிலம் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. "துவையல் சாப்ட்ட பொண்ணு, அந்த ஊரா?" என்றார். அது நான்தான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "அந்த ஊர்தாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாடத்தில் எதை விட்டு எதைச் சேர்த்திருக்கிறார்களோ, யார் கண்டது. நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயசு. அப்பாவின் தங்கையை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வருஷம் ஒரு நாள் மத்தியானம் அத்தையின் வீட்டுக்காரர் அவளையும் ஒரு துணிப்பையையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார். அதற்கப்புறம் அத்தை எங்களோடுதான் இருந்தாள். சத்தம் போடமாட்டாள். யாரையும் அடிக்கமாட்டாள். தெருவில் ஓடமாட்டாள். புத்தி பேதலித்தவர்கள் அதையெல்லாம் செய்வார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்த எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். அத்தை செய்தது ஒன்றே ஒன்று. மல்லாட்டை மூட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பேர்) அடுக்கியிருந்த அறையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நடுநடுவே தலையாட்டுவாள். "சரி, சரி, மெதுவா சொல்லு" என்பாள்.

யார் அத்தை பேசுவது என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஒரு சின்னப் பொண்ணு. உன் ஒசரம்தான் இருப்பா" என்றாள்.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் தனியாகப் போவதை விட்டேன். பட்டப்பகலில் வெளியே நின்று பார்த்தாலும், மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இருட்டு என்னைப் பார்ப்பதாகவே தோன்றும். சில நாள் அங்கே மல்லாட்டைத் தோல் நொறுங்குகிற சத்தம் கேட்கும். எலி என்பாள் அம்மா.

பெரியப்பா ஒரு முடிவு எடுத்திருந்தார். மூட்டைகளைத் திண்டிவனத்துக்கு ஏற்றுகிற அன்றைக்கே அத்தையையும் ஏற்றிக்கொண்டு போய், தெற்கே எங்கேயோ, இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைக்கிற ஓர் இடத்தில் விட்டுவிடுவது. "நாப்பத்தெட்டு நாள் அங்க கெடந்தா எதுவா இருந்தாலும் எறங்கிடும்" என்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் அத்தைக்காக வாய்விட்டு அழுதவர் அவர் ஒருவர்தான். அழுதுகொண்டேதான் கொட்டகையிலிருந்து மாட்டுச் சங்கிலியை எடுத்து, தங்கச்சி காலில் துருப் படக்கூடாது என்று சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்தார். எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். அந்தச் சங்கிலி காய்கிற பக்கமே போகமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மனநோய்க்குப் பார்க்கிறவர், கல்லூரியில் பாடமும் சொல்லிக்கொடுக்கிறவர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார். ஒரு வேன் நிறைய டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவார். முகாமுக்கு வராதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளுக்குச் சில சட்டங்கள் உண்டு. நோயாளி எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அதே மட்டத்தில் உட்கார வேண்டும். அவர் எதிரில் எதையும் எழுதக்கூடாது. வீட்டில் கொடுப்பதை முகம் சுளிக்காமல் சாப்பிட வேண்டும். கால்சட்டை மடிப்புக் கலைய ஐந்து பேர் எங்கள் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்ததை ஊரே எட்டிப் பார்த்தது.

அத்தை மாத்திரையை வாயில் போட்டு, அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் துப்பிவிட்டாள். இரண்டு தடவை அப்படி ஆனதும் டாக்டரம்மா அம்மாவைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர் மாதிரி இருந்தது. நிறம் இல்லை, மணம் இல்லை.

"தினம் அஞ்சு சொட்டு, சாப்பாட்டுல கலந்து குடுத்துடுங்கம்மா. கொஞ்சம் தெளிஞ்சதும் அவங்ககிட்ட நாமளே சொல்லிக்கலாம்" என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் ஆட்டினேன்.

பாட்டில் சமையலறையில் காலிப் புளிப்பானைக்குள் போனது. அம்மா, அப்பா, நான் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. பெரியப்பாவுக்கே தெரியாது. கூழை அத்தைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மூன்றாம் நாள் மத்தியானம், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தை கூழ்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"இதுல நெறமில்லாத தண்ணி கலந்திருக்குது."

அம்மா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "யாரு சொன்னது உனக்கு?"

"மூட்டைக்குப் பின்னால இருக்கறவ."

அதுவரை அந்தப் பெண்ணைப் பற்றிப் பாதிதான் நம்பியிருந்தேன். இப்போது மீதியும் நம்பிவிட்டேன். நாங்கள் யாரும் சொல்லவில்லை. அப்படியானால் அவள் அங்கே இருக்கிறாள், சமையலறை வரைக்கும் வந்து பார்த்துவிட்டும் போகிறாள்.

அதற்கப்புறம் நான் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் அத்தை கூழைத் தொடுவாள் என்று ஆனது. அம்மா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். சொட்டு மருந்து கூழில் இல்லை, தொட்டுக்கொள்கிற மல்லாட்டைத் துவையலில். நான் குடித்துக் காட்ட வேண்டியது கூழை மட்டும். "தொவையல மட்டும் தொட்டுடாத. என் தல மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன். சொட்டு உள்ளே போனால் சங்கிலி வராது, போகாவிட்டால் வரும். எட்டு வயசுக்கு அது நன்றாகவே புரிந்தது.

தினமும் மத்தியானம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவேன். கூழை ஒரு வாய் உறிஞ்சி, "ஒன்னும் இல்ல அத்த" என்பேன். அத்தை துவையலைத் தொட்டு நாக்கில் வைக்கும்வரை அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். மூன்று வாரத்தில் அத்தை தானாகத் தலை வாரிக்கொண்டாள். ஒரு நாள் ஆடு துணியைத் தின்றதைப் பார்த்துச் சிரித்தாள். பெரியப்பாகூடச் சங்கிலியைத் திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டார்.

அப்புறம் அத்தை துவையலைத் தொடுவதை நிறுத்தினாள். நாலு நாள் வெறும் கூழ்தான்.

"தண்ணி எடம் மாறிடுச்சாம்" என்றாள். "அவ சொல்லிக்கினே இருக்கா."

ஐந்தாம் நாள் புதன்கிழமை. மறுநாள் முகாம், அதற்கு மறுநாள் மூட்டை ஏற்ற வண்டி சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா வரும்போது அத்தை தெளிவாகப் பேச வேண்டுமே என்று அம்மாவுக்குக் கவலை. விட்டுப்போன நாலு நாளையும் சேர்த்து ஒரேயடியாகத் துவையலில் ஊற்றிவிட்டாள். பரீட்சைக்கு முந்தின நாள் மொத்தப் புத்தகத்தையும் படிக்கிற புத்தி எனக்கு அம்மாவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நான் கூழைக் குடித்துக் காட்டினேன். அத்தை அதைப் பார்க்கவே இல்லை.

"கூழு வாணாம். தொவையலத் தின்னு காட்டு."

மாட்டேன் என்றால் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் சங்கிலிதான். அம்மா தலைமேல் செய்த சத்தியம் ஒரு பக்கம். நான் விரலால் தொட்டு நக்கினேன். அத்தை கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு தடவை தொட்டேன். அவள் நம்ப வேண்டுமே என்கிற ஆத்திரத்தில் கிண்ணத்தையே வழித்து நக்கிவிட்டு, "பாரு, ஒன்னும் இல்ல" என்றேன். அத்தை நிம்மதியாகக் கூழைக் குடித்தாள். காலிக் கிண்ணங்களை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "எல்லாம் சாப்ட்டாச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலமே படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் எழுந்தபோது என் கழுத்து என்னுடையதாக இல்லை. யாரோ தாடையைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி முகம் தானாக இடப்பக்கம் போனது. நேராக்கினால் திரும்பவும் போனது. கண் கூரைக்குச் செருகிக்கொண்டது, கீழே இறக்க முடியவில்லை. நாக்கு தடித்து வெளியே தள்ளியது. பயங்கரம் என்னவென்றால், எனக்கு எல்லாம் கேட்டது, எல்லாம் புரிந்தது. பேசத்தான் முடியவில்லை. என் முகம் திரும்பிய திசையில் அந்த அறையும் மூட்டைகளும் இருந்தன. அவள்தான் இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

பெரியப்பா வாசலில் நின்றபடியே பார்த்தார். "அவமேல இருந்தது பாப்பா மேல தாவிடுச்சு" என்றார். "இனிமே ஒரு நாளுகூட வெச்சிருக்கக் கூடாதுடா. வண்டிய இன்னைக்கே வரச்சொல்லு" என்றார் அப்பாவிடம். சங்கிலி ஆணியிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது.

அத்தை வந்து என் அருகில் உட்கார்ந்தாள். என் தாடையைத் தடவினாள். "நான் சொன்னனே. தொவையல்ல இருந்துச்சு" என்றாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை, அம்மாவைத் தவிர. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நீயா தின்ன என்று கண்ணாலேயே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டப் பார்த்தேன். தலை பக்கவாட்டில்தான் போனது.

அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். வேன் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று ஆளுக்கொரு வியாதிப் பேர் சொன்னார்கள். டாக்டரம்மா அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். என் கழுத்தைத் தொட்டார், அம்மா முகத்தைப் பார்த்தார், ஊசியை எடுத்தார். இட்லி வேகிற நேரத்துக்குள் கழுத்து தளர்ந்து நடுவுக்கு வந்தது. அந்தச் சொட்டு மருந்து அளவு மீறினால் கழுத்தை இப்படி இழுக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் இன்றைக்கும், பேயை ஊசியில் இறக்கின டாக்டரம்மா என்றுதான் சொல்வார்கள்.

"என்னம்மா சாப்ட்ட?" என்று என்னைக் கேட்டார்.

"தொவையல்" என்றேன். சத்தியம் போச்சே என்று ஓவென்று அழுதேன்.

டாக்டரம்மா ஊசியைப் பெட்டியில் வைத்து மூடினார். அப்புறம் பிள்ளைகளிடம், "இன்னிக்கு கிளாஸ் இங்க இல்ல, வாங்க" என்று எழுந்தார்.

அம்மாவும் நானும் கூடவே போனோம். எங்கள் வாசலில் குட்டியானை வண்டி நின்றது. கொல்லைப் பக்கத்துக் கொட்டகையில் இருந்த மூட்டைகள் பாதி ஏறியிருந்தன. மூட்டைகளின்மேல் அத்தை உட்கார்ந்திருந்தாள். காலில் பளபளவென்று சங்கிலி. டாக்டரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்து வண்டிமேல் ஏறி, அத்தைக்கு எதிரில் ஒரு மூட்டையில் உட்கார்ந்தார். அவருடைய சட்டம் அவருக்கும் உண்டு போலிருக்கிறது. பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

"உங்க சாப்பாட்டுல மருந்து கலந்தது நிஜம்தாம்மா" என்றார். "கலக்கச் சொன்னது நான். உங்களைக் கேக்காம செஞ்சேன். தப்பு என்னுது."

பெரியப்பா சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார். அத்தை டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"சாப்பாட்டுல எதையோ கலக்குறாங்கன்னு நான் சொல்றதும் ஒரு நோவுன்னு எழுதியிருப்பீங்களே" என்றாள்.

"எழுதினேன். அடிச்சுடறேன்."

பெரியப்பா வண்டிமேல் ஏறி உட்கார்ந்து சங்கிலியைக் கழற்ற ஆரம்பித்தார். அழுகையில் அவருக்குக் கொக்கி பிடிபடவில்லை, அத்தையே குனிந்து கழற்றிக் கொடுத்தாள். பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். எத்தினி சொட்டு என்று கேட்டாள். இதை இனிமேல் தொட வேண்டாம், வேறு மாத்திரை தருகிறேன், பிடித்தால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் என்னிடம் சண்டை போடுங்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு மெதுவாக, "கலந்திருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

அத்தை வண்டிமேலிருந்து விரலை நீட்டினாள். விரல் என்னிடம் வந்து நின்றது.

"இவதான்."

"நான் சொல்லல" என்று கத்தினேன். "பொய். நான் யார்கிட்டயும் சொல்லல."

"வாயத் தொறக்கல. மொதல்ல கூழு, அப்பறம் தொவையலு, நான் தொடுற வரைக்கும் மூச்சு வுடாம ஒக்காந்திருப்பா. தெனமும் சொன்னா."

கீழே நின்ற பிள்ளைகளில் ஒருத்தி, எழுதக்கூடாது என்கிற சட்டத்தை மறந்து, நோட்டை எடுத்தாள். எனக்கோ அழுகை அடங்கவே இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டு ரகசியத்தைக் காப்பாற்றியவள்மேலேயே பழியைப் போடுகிறாளே என்று அத்தைமேல் அத்தனை கோபம்.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். மாத்திரையை எல்லோர் எதிரிலும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்வாள். மறு வாரம் அறையிலிருந்த மூட்டைகளும் போய்விட்டன. அறை வெறுமையாக இருந்தது. நான் வெகு நாளைக்குப் பிறகு தனியாக உள்ளே போனேன். சுவரோரம் எலி கடித்த கோணித் துண்டும் கொஞ்சம் மல்லாட்டைத் தோலும்தான் கிடந்தன. நான் சொல்லவில்லை, அப்பா அம்மா சொல்லவில்லை. அப்படியானால் சொன்னவள் அவள்தான். எங்கே போனாள்?

மத்தியானம் அத்தைக்குக் கூழ் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். துவையலை இரண்டு பேரும் தொட்டுக்கொண்டோம்.

"அத்த, அந்தப் பொண்ணு இன்னும் பேசறாளா?"

அத்தை விரலை நக்கிக்கொண்டாள்.

"இல்ல. நீதான் இப்ப ஒழுங்கா மூச்சு வுடறியே" என்றாள்.

நான் எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். அத்தைக்கு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை, டாக்டரம்மா வந்தால் மறக்காமல் சொல்லிவிடு என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன்.